ஆர்லாண்டோ போறோம், மாமனார் மாமியாரும் கூட: எத்தனை நாள் பார்க், எத்தனை நாள் சும்மா இருக்கறது?

கும்பகோணத்துப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல இருக்கோம். ஜூலைல ஆர்லாண்டோ போறதுன்னு முடிவாகி ஃப்ளைட் போட்டாச்சு, ஒரு சனிக்கிழமை போய் அடுத்த சனிக்கிழமை திரும்பறோம். நான், வீட்டுக்காரர், பெரியவன் 11 வயசு, சின்னவ 5 வயசு, அப்புறம் ஊர்லேர்ந்து வந்திருக்கற மாமனார் மாமியார். மாமனாருக்கு 70 தாண்டியாச்சு ஆனா தினம் காலைல வாக்கிங் போற ஆளு, அவர் பிரச்சனையே இல்ல. மாமியாருக்குத்தான் முட்டி வலி, காஸ்ட்கோ கடைக்குள்ள பாதி தூரம் வந்ததுமே உக்கார இடம் தேட ஆரம்பிச்சிடுவாங்க.

விஷயம் என்னன்னா வீட்டுக்காரர் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு வச்சிருக்கார். ஞாயிறு மேஜிக் கிங்டம், திங்கள் எப்காட், செவ்வாய் ஹாலிவுட் ஸ்டூடியோஸ், புதன் அனிமல் கிங்டம், வியாழன் யூனிவர்சல், வெள்ளி புதுசா திறந்த எபிக் யூனிவர்ஸ். முதல் நாலும் டிஸ்னியோட தீம் பார்க், கடைசி ரெண்டும் யூனிவர்சலோடது. தினம் காலைல ஆறரைக்கு கிளம்பணும், ராத்திரி வாணவேடிக்கை முடிஞ்சுதான் திரும்பணும். அரை மணிக்கு ஒரு கட்டம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் வேற. இதுல அத்தை உக்கார்றதுக்கு எந்தக் கட்டம்னு கேட்டேன், லைன்ல நிக்கறப்ப ரெஸ்ட் எடுத்துக்கட்டும்ங்கறார். நின்னுக்கிட்டே ரெஸ்ட் எடுக்க அவங்க என்ன குதிரையா?

அவர் சொல்றதுலயும் நியாயம் இல்லாம இல்ல. ஆறு பேருக்கு ஃப்ளைட், கார், தங்கற இடம்னு செலவு ஏற்கனவே எங்கயோ போயிடுச்சு, இவங்க ரெண்டு பேரும் திரும்ப எப்ப வருவாங்களோ, வந்தது வந்தோம் எல்லாத்தையும் காட்டிடணும்னு நினைக்கறார். டிஸ்னி டிக்கெட்டும் நாள் கூடக் கூட ஒரு நாள் ரேட் குறையுதாம், அதனால நடுவுல ஒரு நாள் பூல்ல உக்காந்தா நஷ்டம்னு கணக்கு போட்டுக் காட்டறார். எனக்கு கேக்கறது ரொம்ப சின்னது. ரெண்டு நாளாவது அலாரம் இல்லாம எழுந்திருக்கணும், காபிய சூடு ஆறறதுக்குள்ள குடிக்கணும், பசங்க தண்ணில குதிக்கறத கால் நீட்டி உக்காந்து பாக்கணும்.

தங்கறது இன்னும் புக் பண்ணல. டேவன்போர்ட் பக்கம் பூல் வச்ச வாடகை வீடா, டிஸ்னி ஹோட்டலா? பெரியவங்களோட போனவங்க கொஞ்சம் சொல்லுங்க. அவர்கிட்ட காட்டப்போறேன், அதனால கணக்கோட சொன்னீங்கன்னா புண்ணியமா போகும்.

---

டாம்பா_தம்பி:

அக்கா, ஜூலைன்னு பாத்ததும் எழுதாம இருக்க முடியல. நான் பக்கத்துலதான் டாம்பால இருக்கேன், ஊர்லேர்ந்து யார் வந்தாலும் ஆர்லாண்டோ கூட்டிட்டுப் போற டிரைவர் வேலை நமக்குத்தான்.

ஷீட்ல மழைக்கு ஒரு கலர் இருக்கான்னு அண்ணன்கிட்ட கேளுங்க. இங்க கோடைல மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு மேல அநேகமா தினமும் இடி மழை. காலைல பளிச்சுன்னு இருக்கும், 33 டிகிரி வெயில், அதுக்கு மேல புழுக்கம், நம்ம சென்னை மே மாசம் தோத்துடும், அப்புறம் திடீர்னு கறுத்துட்டு வந்து கொட்டும். மின்னல் பக்கத்துல வந்துட்டா வெளில ஓடற ரைடு எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க, பூலையும் மூடிடுவாங்க, டிஸ்னில அந்த கேபிள் கார் ஸ்கைலைனர் இருக்குல்ல, அதுவும் நின்னுடும். அப்ப உள்ள இருக்கற ஜனமெல்லாம் கூரை இருக்கற கடையிலயும் இண்டோர் ரைடு வாசல்லயும் போய் அடையும், அந்தக் கூட்டத்துல முட்டி வலியோட ஒரு அம்மாவ நிக்க வைக்கறத நினைச்சுப் பாருங்க. அதனால கோடைல மத்தியானம் ரூமுக்குப் போறத ஓய்வுன்னு நினைக்காதீங்க, எப்படியும் வீணாப் போற நேரத்த தூங்கிக் கழிக்கறீங்க அவ்ளோதான். மழை விட்டு ஆறு மணிக்கு மேல போனா சூடும் இறங்கியிருக்கும், சின்னக் குழந்தை வச்சிருக்கறவங்க பாதிப் பேர் கிளம்பியிருப்பாங்க, லைனும் மத்தியானத்த விட சின்னதா இருக்கும்.

டிக்கெட் கணக்குக்கு வரேன். 4 நாள் டிக்கெட் வாங்கினா 4 நாளும் தொடர்ச்சியா போகணும்னு கட்டாயம் இல்ல, ஆரம்பிக்கற நாள்லேர்ந்து 7 நாளுக்குள்ள முடிச்சா போதும். 3 நாள் டிக்கெட்டுக்கு 5 நாள், 2 நாள் டிக்கெட்டுக்கு 4 நாள் டைம். டிஸ்னியே நடுவுல இடம் விட்டுத்தான் விக்கறான், நாமதான் தொடர்ச்சியா போட்டுக்கறோம். அஞ்சாவது நாள் விலை கம்மின்னு அண்ணன் சொல்றது சரிதான், ஆனா அந்த நாள்ல சாப்பாடு, பார்க்கிங், லைட்னிங் லேன் (தனியா காசு கட்டி சின்ன லைன்ல போறது), சின்னவ அழுததுக்கு வாங்கிக் குடுத்த பபிள் துப்பாக்கி, இதெல்லாம் கம்மி விலைல வராது.

பார்க் இல்லாத நாள்ல ரூம்லயே அடைஞ்சு கிடக்கணும்னும் இல்ல. ஆப்பாப்கா பக்கம் வெக்கீவா ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊற்று இருக்கு, ஸ்டேட் பார்க், காருக்கு 6 டாலர்தான். தண்ணி வருஷம் முழுக்க 22 டிகிரி, முதல்ல கால வச்சதும் கத்துவாங்க அப்புறம் வெளில வர மாட்டாங்க. கோடைல சனி ஞாயிறு போயிடாதீங்க, கார் நிறைஞ்சதும் காலைலயே கேட்ட மூடிடுவாங்க, வார நாள்ல எட்டு மணிக்குப் போய் பதினொண்ணுக்குள்ள திரும்பிடலாம். பீச் வேணும்னா கோகோ பீச் கிழக்க ஒரு மணி நேரம். மாமியாருக்கு கோயில்னா காஸல்பெர்ரில இருக்கு, ஆனா ஐ-4 ரோட்டத் தாண்டிப் போகணும், ஆபீஸ் விடற நேரத்துல அந்த ரோட்டுப் பக்கமே போயிடாதீங்க.

---

கொங்கு_எக்ஸ்பிரஸ்:

தம்பி சொன்ன மத்ததெல்லாம் சரிங்க, அந்த மத்தியானம் போய்ட்டு சாயங்காலம் வர்றது மட்டும் சொல்றதுக்கு நல்லாருக்கும், செஞ்சு பாத்தாத்தான் தெரியும். மேஜிக் கிங்டத்துல கார் நிறுத்தற இடம் பார்க் வாசல்ல கிடையாதுங்க. பார்க்குல இருந்து வெளிய வரணும், மோனோரயிலோ ஃபெர்ரியோ பிடிச்சு ஏரியத் தாண்டணும், அப்புறம் ட்ராம் ஏறி காரத் தேடணும், கார் கதவத் திறந்தா அனல் அடிக்கும், அதுக்கப்புறம் டேவன்போர்ட் வரைக்கும் ஓட்டணும். குழந்தை கார்லயே தூங்கிரும், வீட்டுக்கு வந்து தூக்கிப் போடறப்ப முழிச்சுக்கும். திரும்ப இதே கூத்து. வாடகை வீட்டுல தங்கி மேஜிக் கிங்டத்துக்கு ரெண்டு வேளை போறவங்க பாதி விடுமுறைய பார்க்கிங் லாட்டுலயே கழிப்பாங்க. மோனோரயில் நிக்கற ஹோட்டல்ல தங்கினா சரி, அதோட ரேட்டப் பாத்தீங்கன்னா எக்ஸெல் ஷீட்டே அழுதுரும்.

நாங்க அட்லாண்டாங்க, பசங்க ரெண்டும் டீனேஜ். எங்க வழி வேறங்க. பார்க்குன்னா பார்க்கு, முழு நாள், காலைல கேட் திறக்கறதுக்கு முன்னாடி நிப்போம். முடிச்சுட்டு ஆர்லாண்டோவையே காலி பண்ணிட்டு கடைசி ரெண்டு நாள் கோகோ பீச்சுல ரூம் போட்டு ஒண்ணுமே செய்யாம கிடப்போம். நடு நடுவுல ரெஸ்ட் நாள் விட்டீங்கன்னா பசங்க காலைலயே இன்னிக்கு எங்க போறோம்னு ஆரம்பிச்சு மத்தியானம் அவுட்லெட் மாலுக்கு இழுத்துட்டுப் போயிருவாங்க, அது பார்க்க விட செலவுங்க.

பார்க்குக்குள்ளயே உக்கார எடம் இருக்குங்க. ஏசி ஷோ, ஏசி ரெஸ்டாரண்ட், மத்தியானம் ஒரு மணி நேரம் டேபிள் ரிசர்வ் பண்ணி மெதுவா சாப்பிட்டா பெரியவங்களுக்கு அதுவே போதும். குடிக்கறதுக்கு ஐஸ் தண்ணி கவுண்டர்ல கேட்டா ஓசிலயே ஒரு கப்புல தருவாங்க, அஞ்சு டாலர் குடுத்து பாட்டில் வாங்காதீங்க.

யூனிவர்சல் பத்தி ஒண்ணு. அங்க பெரிய ஹோட்டல் மூணுல, போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக், ஒரு நைட் தங்கினாலே பழைய ரெண்டு பார்க்குக்கும், லைன்ல ரொம்ப நிக்காம போற எக்ஸ்பிரஸ் பாஸ் ரூம் வாடகைலயே வந்துரும்ங்க, செக்-இன் நாள் செக்-அவுட் நாள் ரெண்டுக்கும். எபிக் யூனிவர்ஸுக்கு செல்லாது, அது வேற எடத்துல தனியா இருக்கு.

---

ஸ்கார்பரோ_அண்ணை:

தங்கச்சி, நாங்கள் இஞ்ச டொரண்டோவிலை இருந்து வான் வண்டியிலைதான் போறனாங்கள், வழியிலை ஒரு இரவு தங்கி அடுத்த நாள் பின்னேரம்தான் போய்ச் சேருறது. அவ்வளவு தூரம் ஓடின மனுசனை அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு எழுப்பினால் என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

வீடு எடுங்கோ. அதிலை ரெண்டு கதை இல்லை. வயசு போன ஆக்களுக்கு ஹோட்டல் அறை ஒரு சிறை மாதிரி, பிள்ளையள் நித்திரை கொண்டால் லைற்றும் போடேலாது, டிவியும் பாக்கேலாது. வீடெண்டால் அம்மா விடிய எழும்பி தன்ரை பாட்டிலை தேத்தண்ணி போட்டுக் குடிச்சிட்டு பூல் கரையிலை கதிரையைப் போட்டு இருப்பா. நாங்கள் பார்க்குக்குப் போய் வர இரவுக்கு புட்டும் சம்பலும் இருக்கும். ஓய்வு எண்டால் அவவுக்கு அதுதான், சும்மா இரு எண்டால் இருக்கமாட்டா, தன்ரை குசினி வேணும்.

ஆனால் வீடு எடுக்கேக்கை கவனம். நாங்கள் ஒருக்கா எடுத்த வீட்டிலை போன அண்டிரவே ஏசி நிண்டுபோச்சு. வீட்டுக்காரனுக்கு போன் அடிச்சால், ஆள் வேறை நாட்டிலை இருக்கிறானாம், நாளைக்குப் பாப்பம் எண்டான். எல்லாரும் ஹோலிலை நிலத்திலை படுத்து யன்னலைத் திறந்து விட்டால் நுளம்பு. அதனாலை ஆத்திர அவசரத்துக்கு ஆள் உள்ளூரிலை இருக்கோ எண்டு முதலே கேட்டு எழுத்திலை வாங்குங்கோ. பூலைச் சுத்தி வேலியும் கதவிலை அலாரமும் இருக்கோ எண்டும் பாருங்கோ, உங்களிட்டை அஞ்சு வயசுப் பிள்ளை.

சாப்பாட்டை டிஸ்னிக்கு உள்ளை கொண்டு போகலாம், ஒருத்தரும் தடுக்கமாட்டினம், கண்ணாடிப் போத்தல் மட்டும் கூடாது, சூடாக்கித் தாங்கோ எண்டும் கேக்கேலாது. நாங்கள் புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் கொண்டு போய் நிழலிலை இருந்து சாப்பிட்டனாங்கள். யூனிவர்சலிலை கொஞ்சம் இறுக்கம், அங்கை சின்னச் சின்ன நொறுக்குத்தீனிதான்.

பார்க் இல்லாத நாளிலை மாமனாரை கென்னடி விண்வெளி மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கிழக்காலை ஒரு மணித்தியாலம். உண்மையான சாட்டர்ன் 5 ரொக்கெட் படுக்கவைச்ச மாதிரி தொங்குது, அதுக்குக் கீழை நடந்து போக வேணும், சந்திரனுக்குப் போன காலத்துச் சாமான். அட்லாண்டிஸ் விண்ணோடமும் அங்கைதான். அந்தக் கட்டிடத்துக்கு உள்ளை சேலஞ்சர், கொலம்பியா விண்ணோடம் ரெண்டிலையும் செத்துப்போன 14 பேருக்கும் ஒரு நினைவிடம் வைச்சிருக்கினம், கல்பனா சாவ்லாவுக்கும் அதிலை ஒரு பெட்டி. எங்கடை அப்பா அதுக்கு முன்னாலை கனநேரம் நிண்டவர். அவருக்கு டிஸ்னி ஒண்டும் ஞாபகம் இல்லை, இது மட்டும் இப்பவும் கதைப்பார்.

---

கும்பகோணத்துப்பொண்ணு:

அண்ணே, தம்பி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மழை விஷயம் படிச்சதும் வீட்டுக்காரர் ஒண்ணும் பேசல, லேப்டாப்ப திறந்து ஏதோ கலர மாத்தினார். அதுவே பெரிய வெற்றி.

இப்ப வேற சிக்கல். வீல்சேர் எடுத்துக்கலாமான்னு அத்தைகிட்ட மெதுவா கேட்டேன். முகமே மாறிடுச்சு. "நான் என்ன நடக்க முடியாதவளா, ஃபோட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவீங்க, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க"ன்னு ஒரே பிடிவாதம். அப்புறம் "நான் வீட்லயே இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க"ங்கறாங்க. அதக் கேட்டு இவர் "அம்மா இல்லாம நான் போகல"ங்கறார். எனக்குத் தலை சுத்துது.

---

ஸ்ரீரங்கம்_பாட்டி:

பேத்தி சொல்லி இதப் படிச்சேன். நான் அந்த மாமியார் பக்கத்துலேர்ந்து பேசறேன், ஏன்னா நானும் பிள்ளை குடும்பத்தோட அங்க போனவதான், எனக்கும் முட்டிதான்.

வீல்சேர்ல உக்காருங்கோன்னு சொல்லாதேம்மா. எங்காத்துல என் மாட்டுப்பொண் என்ன பண்ணினா தெரியுமா, "தண்ணி பாட்டில், குடை, மழைக்கோட்டு, குழந்தை துணி, சாப்பாட்டுப் பை எல்லாம் யார் தூக்கறது, ஒரு வண்டி எடுத்துக்கலாம்"னா. பார்க் வாசல்லயே வாடகைக்குத் தரா, முன்கூட்டி சொல்லி வைக்க முடியாது, காலம்பற போறவாளுக்குக் கிடைக்கும். சரின்னு எடுத்தோம். காலம்பற பை உக்காந்துண்டு வந்தது, பதினோரு மணிக்கு மேல பையை மடில வெச்சுண்டு நான் உக்காந்துண்டேன். யாரும் ஒண்ணும் கேக்கல, சுத்தி முத்தி பாத்தா என்னை மாதிரி நூறு பேர் உக்காந்துண்டு வரா, பாதி பேர் வெள்ளைக்கார கிழவிகள், பேட்டரி வண்டிய விரட்டிண்டு போறா. வண்டி இருந்தா வரிசைல முன்னாடி விடுவான்னு மட்டும் எதிர்பாக்காதீங்கோ, அநேகமா எல்லா வரிசைக்குள்ளயும் வண்டியோடயே போற மாதிரி வழி போட்டிருக்கா, எல்லாரோடயும் சேர்ந்து நகர வேண்டியதுதான்.

எனக்குப் பிடிக்காதது ஒண்ணே ஒண்ணு, அத உங்க வீட்டுக்காரர் அவசியம் படிக்கட்டும். "அம்மா இந்த பெஞ்சுல உக்காந்திரு, அரை மணில வந்துடறோம்"னு விட்டுட்டுப் போவான். அரை மணி ஒண்ணரை மணி ஆகும். என் ஃபோன்ல நெட் கிடையாது, நிழல் நகந்து போயிடும், வெயில் முகத்துல அடிக்கும், எழுந்து வேற இடம் போனா தேடுவாளேன்னு பயம், பாத்ரூம் வந்தா அடக்கிக்கணும். இதுக்குத்தான் நாங்க ஆத்துலயே இருக்கோம்னு சொல்றோம், நடக்க முடியாதுன்னு இல்ல. அவாளுக்கு ஒரு சிம் போட்டுக் குடுங்கோ, உக்கார வைக்கறதா இருந்தா ஏசி உள்ள உக்கார வையுங்கோ, கூட யாராவது ஒருத்தர் இருங்கோ.

எனக்குப் பிடிச்சதையும் சொல்லிடறேன். மேஜிக் கிங்டத்துல கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ்னு ஒண்ணு, 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக டிஸ்னியே பண்ணினதாம். நாம உக்காந்திருக்கற இடமே மெதுவா சுத்தும், ஒரு குடும்பம் காலத்துக்குக் காலம் எப்படி மாறறதுன்னு பொம்மைகள் நடிக்கறது, இருபது நிமிஷம், நல்ல குளிர்ச்சி. என் பேரன் கொட்டாவி விட்டான், நான் ரெண்டாவது தடவையும் உக்காந்தேன். பக்கத்துலயே பீப்பிள்மூவர், அது பாட்டுக்கு மேல மேல சுத்திண்டு போகும், காத்து நன்னா வரும், ஆனா ஏறும்போது தரை நகர்ற பெல்ட், யாராவது கையப் பிடிச்சுக்கணும். எப்காட்ல ஒரு படகு, லிவிங் வித் த லேண்ட்னு பேரு, கண்ணாடி தோட்டத்துக்குள்ள போகும், மண்ணே இல்லாம தக்காளியும் பூசணியும் தொங்கறது, அதப் பறிச்சு அங்க ஹோட்டல்லயே சமைக்கறாளாம். எப்காட்ல ஏரியச் சுத்தி 11 தேசம் கட்டி வெச்சிருக்கா, அதுல நம்ம தேசம் இல்லன்னு எங்காத்து மாமாக்கு இன்னிக்கு வரைக்கும் கோவம். அந்தச் சுத்து ரெண்டு கிலோமீட்டர் வரும், வண்டி இல்லாம முட்டிக்காராள அங்க அழைச்சுண்டு போகாதீங்கோ.

அனிமல் கிங்டம் சஃபாரி காலம்பறவே போயிடுங்கோ, வெயில் ஏறினா மிருகங்களும் நிழல் தேடிப் போய் படுத்துண்டுடறது. லாரி குலுக்கி எடுக்கும், முன்னாடி வரிசைல சீட் கிடைக்குமான்னு கேட்டுப் பாருங்கோ.

---

பிவட்_டேபிள்:

உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுதான் நானும், அதனால அவர் மொழிலயே சொல்றேன். ஷீட் தப்பில்ல. ஷீட்ல ஒரே ஒரு தலைப்பு விட்டுப்போச்சு: இந்த பார்க் யாருக்கு?

ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட் எதுக்கு வாங்கறார்? 5 வயசு பொண்ணு உயரம் என்னன்னு நீங்க சொல்லல, ஒரு 41 இன்ச் இருக்கும்னு வச்சுக்குவோம். செவன் ட்வார்ஃப்ஸ் ரயில், ஸ்லிங்கி டாக் ரெண்டுக்கும் 38 இன்ச், ஏறலாம். ஸ்பேஸ் மவுண்டன், எவரெஸ்ட், அவதார் பறக்கற ரைடு மூணுக்கும் 44, ஏற முடியாது. ட்ரான் பைக்குக்கு 48. எபிக் யூனிவர்ஸ்ல பெரிய ரைடுகளுக்கு இதே கதைதான். அப்ப யூனிவர்சல் ரெண்டு நாளும் மாமனார், மாமியார், பாப்பா, பாப்பாவப் பாத்துக்க நீங்கன்னு நாலு பேர் டிக்கெட் வாங்கி உள்ள போய் பெஞ்சுல உக்காரப் போறீங்க. அந்த நாலு டிக்கெட்ட அடிச்சு விட்டா வாடகை வீட்டுக்கான காசு பெரும்பாலும் அங்கயே நிக்குது. ஓய்வு நாள் நஷ்டம்னு சொன்னாரே, இந்த வரிய கூட்டிப் பாக்கச் சொல்லுங்க.

எபிக்குக்கு அப்பாவும் பையனும் மட்டும் ஒரு நாள் போகட்டும். 11 வயசுப் பையனுக்கு அது சொர்க்கம், அவனுக்கும் அப்பாவோட தனியா ஒரு நாள் கிடைக்கும், நிண்டெண்டோ பக்கமே பாதி நாள் ஓடிடும். நீங்க அன்னிக்கு காபிய சூடா குடிங்க.

டிஸ்னில பெரிய ரைடுல பாப்பா ஏற முடியலன்னா ரைடர் ஸ்விட்ச் கேளுங்க, ஒருத்தர் பாப்பாவோட வெளில நிப்பாங்க, முதல் ஆள் இறங்கினதும் ரெண்டாவது ஆள் முழு லைன் நிக்காம ஏறலாம், பையன் ரெண்டு பேர் கூடவும் ஏறிக்கலாம். லைட்னிங் லேன் முன்கூட்டி எடுக்க டிஸ்னி ஹோட்டல்ல தங்கறவங்களுக்கு 7 நாள் முன்னாடி திறக்கும், வெளில தங்கறவங்களுக்கு 3 நாள், காலைல 7 மணிக்கு, அங்க டைம்படி. டல்லாஸ்ல அப்ப 6 மணி, அலாரம் அவரையே வைக்கச் சொல்லுங்க. மேஜிக் கிங்டம் நாளுக்கு மட்டும் வாங்குங்க, அனிமல் கிங்டத்துக்கு தண்டச்செலவு, காலைல சீக்கிரம் போனாலே முடிஞ்சிடும்.

---

சும்மா_எட்டிப்பாத்தேன்:

எங்க வீட்ல ரெஸ்ட் டேன்னு ஒரு நாள் விட்டோம். அன்னிக்குத்தான் வாஷிங் மெஷின் அஞ்சு லோடு ஓடுச்சு, நான்தான் மடிச்சேன். யாருக்கு ரெஸ்ட்னு மொதல்லயே பேசி வச்சுக்கங்க.

---

கும்பகோணத்துப்பொண்ணு:

பாட்டி, உங்க பதில அத்தைகிட்ட அப்படியே படிச்சுக் காட்டினேன். பெஞ்சு கதை வந்ததும் "பாத்தியா, நான் சொல்லல"ன்னு மாமனாரத் திரும்பிப் பாத்தாங்க, அவங்களுக்குள்ள ஏதோ பழைய பஞ்சாயத்து போல. வண்டி "பைக்குத்தானே, சரி எடுத்துக்குங்க"ன்னு சொல்லிட்டாங்க. உங்க காலத் தொட்டுக் கும்பிடறேன்.

பிவட்டேபிள் சார், நாலு டிக்கெட் வரிய இவர் ரெண்டு தடவை கூட்டிப் பாத்தார். இப்ப புது ஷீட் இப்படி இருக்கு. டேவன்போர்ட்ல வீடு. ஞாயிறு எல்லாரும் அனிமல் கிங்டம், மழைக்கு முன்னாடி திரும்பிடணும். திங்கள் ஒண்ணுமே இல்ல, நிஜமாவே வெள்ளைக் கட்டம், காலைல முடிஞ்சா அந்த ஊற்று. செவ்வாய் நாங்க நாலு பேர் மட்டும் ஹாலிவுட் ஸ்டூடியோஸ். புதன் எல்லாரும் மேஜிக் கிங்டம், கொங்கு அண்ணன் சொன்ன மாதிரி நடுவுல வீட்டுக்கு வராம உள்ளயே மெதுவா, மத்தியானம் ஏசில உக்காந்து சாப்பாடு. அதனால பெரியவங்க ரெண்டு பேருக்கும் 2 நாள் டிக்கெட், எங்களுக்கு 3 நாள். வியாழன் மாமனார், இவர், பையன் மூணு பேரும் கென்னடி. வெள்ளி அப்பாவும் பையனும் எபிக், நான் அன்னிக்கு யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன். துணி மடிக்கறது இவர் வேலைன்னு ஷீட்லயே எழுதி வாங்கிட்டேன்.

இதுல ஒரே ஒரு சண்டை பாக்கி. அந்தக் கண்ணாடித் தோட்டத்தப் பத்தி படிச்சதுலேர்ந்து மாமனார் மண்ணில்லாம எப்படி பூசணி காய்க்கும்னு விடாம கேட்டுட்டே இருக்கார், அவங்க வீட்ல இன்னும் நிலம் இருக்கு. செவ்வாய்க்கிழமைய எப்காட்டா மாத்தலாம்னா பெரியவன் ஸ்டார் வார்ஸ் போச்சுன்னு கதவ சாத்திட்டு உள்ள போயிட்டான். தாத்தாவும் பேரனும் நேத்திலேர்ந்து பேசிக்கறதில்ல.

ஸ்கார்பரோ அண்ணே, ஒரு கேள்வி. வாடகை வீட்ல குக்கர் இருக்குமா? அத்தை அதத்தான் முதல்ல கேக்கறாங்க.

---

டாம்பா_தம்பி:

அக்கா செவ்வாய் ரெண்டா பிரிங்க. அண்ணனும் பசங்களும் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் போகட்டும், நீங்க மாமனாரோட எப்காட். அத்தை வீட்ல டிவி பாக்கட்டும், இல்ல வண்டியோட உங்க கூட வரட்டும். ஹாலிவுட் ஸ்டூடியோஸ்லேர்ந்து எப்காட்டுக்கு ஸ்கைலைனர் இருக்கு, படகும் இருக்கு, கார் ஒண்ணு போதும். மாமனாருக்கு 3 நாள் டிக்கெட் ஆகும், அத்தையும் வந்தா அவங்களுக்கும், அவ்ளோதான். பசங்க ரெண்டு பேரையும் ஒரு ஆள் சமாளிக்கணும், அது அண்ணன் பாடு.

---

ஸ்கார்பரோ_அண்ணை:

குக்கர் இராது தங்கச்சி. பெரிய சட்டி, தாச்சி, ரைஸ் குக்கர் இருந்தால் அதிஷ்டம், கோப்பி மெசின் மட்டும் எல்லா வீட்டிலையும் இருக்கும். அடுப்பும் கன வீடுகளிலை கண்ணாடி மேல்தட்டு மின் அடுப்பு, அடி வளைஞ்ச குக்கர் சரிவராது, தட்டையான அடி உள்ளதாக் கொண்டு வாங்கோ. செக்-இன் பெட்டியிலை உடுப்புக்கு நடுவிலை வையுங்கோ, வெயிட்டை தனியச் சுத்தி குக்கருக்கு உள்ளை போட்டு மூடுங்கோ. போனமுறை எங்கடை ஆள் வெயிட்டை மேசையிலை விட்டிட்டு வந்து, கிழமை முழுக்க பருப்பு அவியேல்லை.